ஏரிக்கு இரண்டு கரை: பணம் எந்தப் பக்கம் போக வேண்டும்?

எங்கள் ஏரிக்கு ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி வரப் போகிறது. தொகை இன்னும் உறுதியாகவில்லை, சண்டை மட்டும் உறுதியாகிவிட்டது. போன மாதம் கோயில் மண்டபத்தில் கூடியபோது ஒருவர் நடுவில் நீரூற்று வைக்கலாம் என்றார், இன்னொருவர் நடைபாதையும் விளக்கும் போதும் என்றார், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மொத்த ஏரியையும் தூர்வாரினால்தான் விமோசனம் என்று மேசையைத் தட்டினார், ஒரு தம்பி கைபேசியில் மிதக்கும் தீவுகளின் (தண்ணீரில் மிதக்கவிட்டுச் செடி வளர்க்கிற தட்டிகள்) படத்தைக் காட்டினார், ஏரியைச் சுத்தமாக்கும் என்று பொடி விற்கிற ஒருவர் யாரும் அழைக்காமலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் "உள்வாய்ப் பக்கம் (கால்வாய்த் தண்ணீர் ஏரிக்குள் வருகிற திறந்த பக்கம்) கோரை வளர்க்கலாம்" என்றேன். சிரித்தார்கள். ஊரே புதரை வெட்டச் சொல்லும்போது இவர் வளர்க்கச் சொல்கிறாரே என்று ஒரு அம்மா கேட்டார். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நோய் என்ன என்பதில் தெளிவு வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை ஒப்பிட முடியாது. மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க எங்கள் ஏரியில் பச்சை ஏறும். சித்திரையில் ஏதாவது ஒரு விடிகாலை மீன் செத்து மிதக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று வாட்ஸாப்பில் ஓடும். பெரும்பாலும் அப்படி இல்லை. பகலில் பாசி ஆக்ஸிஜன் விடுகிறது, இரவில் அதே பாசி மூச்சுவிட்டு ஆக்ஸிஜனைத் தின்கிறது, விடியற்காலையில் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய தீர்ந்துபோகிறது. மீன் மூச்சுத் திணறித்தான் சாகிறது. இவ்வளவு பாசி வளரத் தீனி வேண்டுமே, அது பாஸ்பரஸும் நைட்ரஜனும். கழிப்பறைத் தண்ணீர், சலவைத்தூள், மாட்டுச் சாணம், வயலில் மிஞ்சிய உரம், எல்லாம் வந்து சேருகிற இடம் ஏரி.

இதில் பாஸ்பரஸ்தான் முக்கியமான ஆள் என்பதைக் கனடாவில் ஒரு ஏரியை வைத்தே காட்டினார்கள். ஒன்டாரியோ மாகாணத்துக் காட்டுக்குள் 226 என்று எண் மட்டுமே உள்ள ஏரி, நடுவில் ஒடுங்கி இருக்கும். 1973இல் அந்த ஒடுக்கத்தில் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் கலந்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையானது. மேலிருந்து எடுத்த படத்தில் ஒரே ஏரி இரண்டு நிறத்தில் இருக்கும். கணக்காகச் சொன்னால், உலர்ந்த பாசியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் பாஸ்பரஸ். அதாவது ஒரு கிலோ பாஸ்பரஸ் உள்ளே வந்தால் நூறு கிலோ உலர் பாசிக்குத் தீனி. ஒரு ஆள் ஒரு வருடத்தில் கழிப்பறை வழியாக வெளியேற்றுவது ஏறக்குறைய அரை கிலோ. இந்த அரை கிலோவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் அளக்கப் போகிறேன்.

அடுத்தது கரை. நாம் "ஏரிக்கரை" என்றதும் மனதில் வருவது மேடான கரை, பனைமரம், நடைப்பயிற்சி, மதகு. அது தண்ணீரைத் தடுத்து நிறுத்தக் கட்டிய அணை. ஏரி பெரும்பாலும் மூன்று பக்கம்தான் கட்டப்பட்டிருக்கும், நான்காவது பக்கம் சும்மா திறந்து கிடக்கும், வரத்துக் கால்வாய் அந்த வழியாகத்தான் வரும், நிலம் கண்ணுக்குத் தெரியாத சரிவில் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கும். அதுதான் உள்வாய்ப் பக்கம். ஐப்பசியில் முழங்கால் தண்ணீர், வைகாசியில் வெடித்த மண், மாடு மேயும். ஏரி நோய்க்கு மருந்து வேலை செய்கிற கரை இந்த இரண்டாவது கரைதான். பாதி வருடம் காய்ந்து கிடப்பதால் வெற்று நிலம் போலத் தெரிந்து பட்டா போடப்படுவதும், குப்பை கொட்டப்படுவதும், மைதானமாக்கப்படுவதும் இதே கரைதான். இதுவரை எங்கள் ஏரிக்கு வந்த பணம் எல்லாம் முதல் கரைக்கே போயிருக்கிறது: மண் உயர்த்தினார்கள், கல் பதித்தார்கள், கைப்பிடி போட்டார்கள், பெயிண்ட் அடித்தார்கள். தண்ணீர் அப்படியே இருக்கிறது.

சரி, ஒவ்வொன்றாக.

நீரூற்றும் காற்றூட்டியும்: விடியற்காலை மீன் சாவதைத் தடுக்கும், அவ்வளவுதான். ஏரியிலிருந்து ஒரு கிராம் பாஸ்பரஸைக்கூட வெளியே எடுக்காது. நைனிதால் ஏரியில் 2007 முதல் அடியில் காற்றுச் செலுத்துகிறார்கள், அதில் ஒரு நியாயம் உண்டு, ஏனென்றால் அது ஆழமான மலை ஏரி, கோடையில் மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும், அடியில் ஆக்ஸிஜன் இல்லாமல் சேற்றிலிருந்து பாஸ்பரஸ் கரைந்து மேலே வரும். நம் ஏரி இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. ஆடிக்காற்றே அதைக் கலக்கிவிடும். மின்கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்விக்கும் அன்றைக்கு மண்டபத்தில் பதில் வரவில்லை.

பொடி, திரவம், நுண்ணுயிர் உருண்டை எல்லாம் ஒரே வகை. நாற்றம் சில நாள் குறையலாம். பாஸ்பரஸை எந்த நுண்ணுயிரும் மாயமாக்காது, அது தனிமம், தின்ற உயிர் செத்ததும் திரும்பத் தண்ணீருக்கே வரும். நைட்ரஜன் வேறு கதை, அதைக் காற்றுக்கு அனுப்பத் தெரிந்த பாக்டீரியா உண்டு. ஆனால் அவை நம் சேற்றிலேயே இருக்கின்றன, விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

படிகாரம் போடுவது பொடிக்கு மேல். கலங்கிய கிணற்றுத் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை இழைத்த ஊர் நம் ஊர், தெளிய வைப்பது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். படிகாரத்தில் உள்ள அலுமினியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். வரத்து நிறுத்தப்பட்ட, ஆழமான ஏரிகளில் இது பல வருடம் தாங்கியிருக்கிறது. தினமும் சாக்கடை வருகிற ஆழமில்லாத ஏரியில் போட்டால், அடுத்த மாதமே புதுச் சாக்கடை வந்து மேலே நிற்கும், காற்றும் கெண்டை மீனும் அடியைக் கிளறும், தவிர பாசி அடர்ந்த தண்ணீரில் பிற்பகலில் காரத்தன்மை ஏறிவிடுவதால் பிடிப்பும் தளரும். வேண்டாம்.

ஆகாயத்தாமரையை அள்ளுவது எல்லோருக்கும் பிடித்த வேலை, பார்க்கத் திருப்தியாக இருக்கும், பத்திரிகையில் படமும் வரும். அள்ளுவது தப்பில்லை. அந்தச் செடி தீனியைத் தின்றுதான் அப்படி வளர்ந்திருக்கிறது, வெளியே எடுத்தால் தீனியும் சேர்ந்து வெளியே வரும். ஆனால் லாரியில் ஏற்றுவதில் நூற்றில் 90 பங்குக்கு மேல் தண்ணீர். அதைவிடக் கொடுமை, நாங்கள் மூன்று வருடம் முன்பு செய்தது: லாரிக்குப் பணம் போதாமல் கரைச்சரிவிலேயே குவித்து வைத்தோம், மழை பெய்தது, அழுகி ஊறி எல்லாம் திரும்ப உள்ளே போனது. விதை வேறு சேற்றில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

மிதக்கும் தீவைக் காட்டிய தம்பிக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும், ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக வளர்ந்த சம்பு (கோரை போல நீரோரத்தில் உயரமாக வளர்கிற செடி) ஒரு சதுர மீட்டரில் வருடத்துக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ உலர் எடை தரும் என்று வைத்துக்கொள்வோம், அதில் பாஸ்பரஸ் ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஆயிரம் சதுர அடித் தீவு என்றால் 93 சதுர மீட்டர். செடி உறிஞ்சுவதை மட்டும் எடுத்தால் வருடத்துக்கு 200 முதல் 400 கிராம். ஒரு ஆளுக்குக்கூடக் காணாது! வேர்களில் ஒட்டுகிற நுண்ணுயிர்ப் படலம் இன்னும் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. நாலு பக்கமும் செங்குத்தாகக் கல்சுவர் எழுப்பிவிட்ட குளத்துக்கு இதை விட்டால் வேறு வழியில்லை, அங்கே வையுங்கள். நமக்கு இன்னும் ஒரு பக்கம் மண் மிச்சம் இருக்கிறது.

இப்போது பொறியாளர் ஐயாவின் தூர்வாரல். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சுவீடனில் வாக்ஷோ என்ற ஊரில் டிரும்மன் என்று ஒரு ஆழமில்லாத ஏரி, ஊர்ச் சாக்கடையும் ஆளி நார் ஆலைக் கழிவும் பல காலம் விழுந்தது. 1950களின் கடைசியில் சாக்கடையை நிறுத்தினார்கள். பத்து வருடம் ஆகியும் ஏரி தேறவில்லை, காரணம் அடிச்சேற்றில் சேர்ந்திருந்த பாஸ்பரஸ் ஒவ்வொரு கோடையிலும் மேலே வந்துகொண்டே இருந்தது. 1970இலும் 71இலும் இரண்டு தடவையாக மொத்தம் ஒரு மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள், ஏரி தெளிந்தது. எடுத்த சேறு மண்ணாக விற்பனையும் ஆனது. ஆக, தூர்வாரல் வேலை செய்யும். ஆனால் வரிசையைப் பாருங்கள்: சாக்கடை நின்றது முதலில், சேறு எடுத்தது பிறகு. நாம் தலைகீழாகச் செய்ய நினைக்கிறோம். சாக்கடை ஓடிக்கொண்டே இருக்கும்போது தூர்வாரினால் அது புதுச் சேற்றுக்கு இடம் ஒதுக்கித் தருகிற வேலை.

தூர்வாரலில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. நம் ஊரில் தூர்வாரல் என்றால் பொக்லைன் உள்ளே இறங்கி ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டையாக வழித்து, மண்ணைக் கரையோரம் ஏற்றி, ஏரியைத் தட்டுப் போல இல்லாமல் தொட்டி போல ஆக்கிவிட்டுப் போவது. அதிகக் கொள்ளளவு என்று பலகை வைக்கலாம். உள்வாய்ப் பக்கத்துச் சரிவு போய்விடும், கோரை நிற்க இடம் இருக்காது, முட்டையிட வருகிற விராலுக்கும் முக்குளிப்பானுக்கும் ஒதுங்க இடம் இருக்காது. நான் சொல்கிற மருந்து வேலை செய்வதற்கான மேடையையே அது இடித்துவிடும்.

சாக்கடையை நிறுத்துவதுதான் எல்லாவற்றுக்கும் தலை. இதில் வாதமே இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரிக்குள் சுற்றுவட்டார ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர் விழுந்து ஏரி பச்சையானது. 1963இல் தொடங்கி 1968க்குள் அத்தனை குழாய்களையும் ஏரியைத் தவிர்த்துத் திருப்பிவிட்டார்கள். எழுபதுகளில் ஏரி கண்ணாடி போல ஆகிவிட்டது, தூர்வாரவில்லை, கோரை நடவில்லை, ஒன்றும் செய்யவில்லை. இதைப் படித்துவிட்டு நானே ஒரு காலத்தில் "குழாயை மட்டும் அடைத்தால் போதும்" என்று எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அது 65 மீட்டர் வரை ஆழமுள்ள ஏரி, படிந்தது படிந்ததுதான், இரண்டு மூன்று வருடத்தில் தண்ணீரும் மாறிவிடும். டிரும்மனும் நம் ஏரியும் அந்த ஜாதி இல்லை. ஆழமில்லாத ஏரி ஒன்று செடி நிறைந்து தெளிவாக இருக்கும், அல்லது பாசி நிறைந்து கலங்கி இருக்கும். எந்த நிலையில் இருக்கிறதோ அதிலேயே பிடிவாதமாக நிற்கும். செடி இருந்தால் சேறு கிளம்பாது, சேறு கிளம்பாவிட்டால் வெளிச்சம் கீழே போகும், வெளிச்சம் போனால் செடி வளரும். பாசி பக்கமும் இதே மாதிரி ஒரு வட்டம் உண்டு. கலங்கலிலிருந்து தெளிவுக்குப் போக, வரத்தை நிறுத்துவதோடு ஒரு தள்ளும் வேண்டும். அந்தத் தள்ளுதான் உள்வாய்க் கரை.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். சித்திரை வெயிலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. எங்கள் ஏரிக்கு வருகிற மூன்று கால்வாயில் இரண்டில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, ராத்திரியில் கழிவுநீர் லாரி வேறு. பாதாளச் சாக்கடைக்குழாய் வரும்போது வரும், அதற்கு மனுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது நம் நிதிக்குள் அடங்காது. குழாய் வந்த பிறகும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கும்: சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் நாற்றத்தையும் அழுக்கையும் எடுக்கும், பாஸ்பரஸில் நல்ல பங்கை அப்படியே விட்டுவிடும். தெளிவாகத் தெரிகிற அந்தத் தண்ணீரை ஏரியில் விட்டால் ஏரி பச்சைதான் ஆகும். வாஷிங்டன் ஏரியில் விழுந்ததும் சுத்திகரித்த தண்ணீர்தானே.

பெங்களூரின் ஜக்கூர் ஏரி இந்த இடத்தில்தான் நமக்குப் பாடம். சுமார் 160 ஏக்கர். ஏரிக்கு மேலே ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் கொள்ளளவில் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், அதிலிருந்து வருகிற தண்ணீர் நேராக ஏரிக்குள் போகாமல் சம்பும் கோரையும் நிறைந்த சதுப்பு வழியாக நடந்துதான் உள்ளே போக வேண்டும். நிலையம் முதல் வடிகட்டி, ஓரம் இரண்டாவது வடிகட்டி. அதே ஊரில் பெல்லந்தூர் ஏரியும் இருக்கிறது, 900 ஏக்கர் அளவில், நுரை பொங்கி ரோட்டுக்கு வந்தது, 2015இல் அந்த நுரை தீப்பிடித்ததும் செய்தியானது. ஒரு பெருநகரத்துச் சாக்கடையில் கணிசமான பங்கு வந்து விழுகிற ஏரியை எந்தக் கோரையாலும் காப்பாற்ற முடியாது. நம் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ.

உள்வாய்க் கரை அப்படி என்னதான் செய்கிறது? வேகமாக வருகிற கால்வாய்த் தண்ணீர் அகலமான, ஆழமில்லாத, செடி நிறைந்த இடத்தில் பரவியதும் நடை தளர்கிறது, தூக்கி வந்த வண்டலை இறக்கி வைக்கிறது, பாஸ்பரஸில் பெரும்பகுதி அந்த வண்டலோடு ஒட்டித்தான் வரும். தண்டு ஒவ்வொன்றிலும் வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும், கையால் தடவினால் தெரியும், அது கரைந்திருப்பதைப் பிடிக்கிறது. வேர் வழியாகக் கசிகிற ஆக்ஸிஜனில் அம்மோனியா நைட்ரேட் ஆகிறது, ஒரு விரல்கடை தள்ளி ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் அதே நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் போய்விடுகிறது, இது ஒன்றுதான் நிஜமாகவே ஏரியை விட்டு வெளியேறுகிற வழி. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று: பாசியைத் தின்கிற பொடிப்பொடி நீர்ப்பூச்சிகள் பகலில் மீனுக்குப் பயந்து செடிக்குள் ஒளிந்திருந்து இரவில் வெளியே மேயப் போகும். ஒளிய இடம் இல்லாவிட்டால் ஜிலேபிக் குஞ்சு அத்தனையையும் காலி செய்துவிடும், பாசியைத் தின்ன ஆள் இருக்காது. கலங்கல் குறைவதில் இதற்கும் பங்குண்டு என்பதைப் புதரை வெட்டச் சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை.

இப்போது என் கட்சிக்கு எதிரான கணக்கையும் நானே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அதே அளவுகளில் ஒரு ஏக்கர் சம்பை வருடம் முழுக்க ஒழுங்காக அறுத்து வெளியேற்றினால் கிடைப்பது 8 முதல் 16 கிலோ பாஸ்பரஸ். ஆளுக்கு அரை கிலோ என்றால் 16 முதல் 32 பேர். நாலு பேர் கொண்ட வீடாக எண்ணினால் நாலு முதல் எட்டு வீடு! மூன்று ஏக்கர் வளர்த்தாலும் ஒரு தெரு. வண்டலோடு படிவது இதற்கு மேல் வரும், அது கணிசம்தான், ஆனால் படிந்தது வெளியேறிவிடவில்லை, ஓரத்தில் தங்கியிருக்கிறது, சில வருடத்துக்கு ஒரு முறை அந்த ஓரத்தை மட்டும் வழித்து எடுக்க வேண்டும். அறுக்காமல் விட்டால் செடி காய்ந்து விழுந்து அதே இடத்தில் அழுகித் தின்றதைக் கக்கும். ஆக "கோரை நட்டால் சாக்கடை சுத்தமாகும், குழாய் வேண்டாம்" என்று யாராவது என் பெயரைச் சொல்லிப் பேசினால், தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற பேச்சு அது, நான் சொன்னதில்லை.

சொதப்பிய உதாரணமும் பார்க்க வேண்டும். ஹங்கேரியின் பாலட்டான் ஏரி, 594 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் மூன்று மீட்டர் சொச்சம். அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற பெரிய ஆறு ஸாலா. ஆறு ஏரியில் சேருகிற முகத்தில் கிஷ்-பாலட்டான் என்று ஒரு சதுப்பு இருந்தது, சின்ன பாலட்டான் என்று அர்த்தம். விவசாயத்துக்காக அதை வடித்துவிட்டார்கள், ஆறு தன் சரக்கை நேரே ஏரியில் கொட்டியது, மேற்கு ஓரத்துக் குடா பச்சையானது. தப்பை உணர்ந்து சதுப்பைத் திரும்ப உருவாக்கினார்கள். 1985இல் முதல் பகுதி, 1992இல் இரண்டாவதில் ஒரு துண்டு. முதல் பகுதி பெரும்பாலும் திறந்த நீர், பாசி நிறைந்தது, பாஸ்பரஸை நன்றாகவே பிடித்தது. இரண்டாவது, எல்லோரும் பெரிதாக எதிர்பார்த்த நாணல் காடு. அங்கே நடந்தது வேறு. தண்ணீர் மட்டத்தை உயரமாக, இறக்காமல் வைத்ததில் நாணல் பல இடத்தில் செத்தது, மேலிருந்து வந்த பாசி அங்கே நிழலில் அழுகியது, ஆக்ஸிஜன் இல்லாத அடியிலிருந்து கரைந்த பாஸ்பேட் வெளியே போனது. வடிகட்டியே கசிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஏரிதான் ஞாபகம் வந்தது. முன்பு ஆயக்கட்டுக்கு மதகு திறப்பார்கள், மட்டம் தை முதல் இறங்கிக்கொண்டே வரும், வைகாசியில் ஓரம் காயும், காய்ந்த சேற்றில்தான் கோரை விதை முளைக்கும். இப்போது ஆயக்கட்டு எல்லாம் வீட்டுமனை. மதகு திறக்க யாரும் இல்லை, சாக்கடை வந்து மட்டத்தைக் காக்கிறது, வருடம் முழுக்க ஏரி நிறைந்திருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுகிறோம். உள்வாய்க் கரையை மீட்பது என்றால் அதில் பாதி மதகை மீட்பது. வருடத்தில் இரண்டு மாதமாவது மட்டம் இறங்க வேண்டும். இதற்கு நிதியே தேவையில்லை, அனுமதியும் பொறுப்பான ஒரு ஆளும் போதும்.

இன்னொன்று, அந்த நிலத்தில் முன்பு என்ன நடந்தது என்று தெரியாமல் தண்ணீரைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் அப்போப்கா ஏரியில் 1940களில் வடகரைச் சதுப்பு சுமார் 20,000 ஏக்கரைக் கரை போட்டுப் பிரித்துக் காய்கறி போட்டார்கள், ஏரி கெட்டது. தொண்ணூறுகளில் அரசு அந்தப் பண்ணைகளை விலைக்கு வாங்கித் திரும்ப நீர் நிறுத்தியபோது 1998-99 குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மீன்தின்னிப் பறவைகள் செத்தன. மண்ணில் பல வருடமாகத் தங்கியிருந்த பூச்சிமருந்து மீன் வழியாக ஏறிவிட்டது. எங்கள் உள்வாயில் ஒரு மூலையில் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்தது பலருக்குத் தெரியும். அந்த மண்ணைச் சோதிக்காமல் அங்கே கை வைக்க வேண்டாம், அங்கிருந்து எடுக்கிற வண்டலை வயலுக்கும் கொடுக்க வேண்டாம்.

கல்சுவர் கேட்பவர்களுக்குச் சீனாவின் தாய் ஏரியை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 2,300 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஆழம் சராசரி இரண்டு மீட்டர்கூட இல்லை. 1991 வெள்ளத்துக்குப் பிறகு ஏரியைச் சுற்றித் தடுப்புக்கரை எழுந்தது, வெள்ளத்துக்கு அது தேவைதான், ஆனால் நிலத்துக்கும் நீருக்கும் நடுவில் இருந்த நாணல் பட்டை பல இடங்களில் அறுபட்டது. சாக்கடையும் உரமும் ஆலைக்கழிவும் ஏற ஏற, 2007 மே மாதம் பாசி அழுகி வூஷி நகரத்தில் சுமார் 20 லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகு பட்டையை மீட்க முயல்கிறார்கள், பாசி இன்னும் வருகிறது. அவ்வளவு அகலமான ஏரியில் அலை செடியைப் பிடுங்கிவிடும், அதற்கே தனியாக அலைத்தடுப்பு வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, காலால் மிதித்து நட்டாலே நிற்கும்.

ஆக என் முடிவு இது. நிதியில் பெரும்பங்கு உள்வாய்ப் பக்கத்துக்கு. இரண்டு சாக்கடைக் கால்வாயின் வாயிலும் ஆழமான வண்டல் குழி, பொக்லைன் வந்து வருடா வருடம் அள்ளும்படி பாதையோடு. அதற்கு அடுத்து, தண்ணீர் ஒரே ஓடையாகப் பிய்த்துக்கொண்டு போகாமல் விசிறி போலப் பரவத் தாழ்வான கல் வரிசை. பிறகு முழங்காலுக்குக் கீழே ஆழத்தில் சம்பும் கோரையும், கொஞ்சம் தள்ளி அல்லி, அதற்கும் அப்பால் தானாக வருகிற வேலம்பாசி (பெயரில்தான் பாசி, தண்ணீருக்குள் வளர்கிற செடி அது). காட்டாமணக்கையும் சீமைக்கருவேலத்தையும் வேரோடு எடுக்க வேண்டும், அதில் எனக்கும் புதர் வெட்டுகிறவர்களுக்கும் சண்டையே இல்லை. சம்பை அறுக்க வருடத்துக்கு இரண்டு முறை கூலி, அந்தப் பணத்தை இப்போதே ஐந்து வருடத்துக்கு வங்கியில் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் நடுவதற்குப் பணம் தருகிறவர்கள் அறுப்பதற்குத் தரமாட்டார்கள். தூர்வாரல் கால்வாய் வாயருகே மட்டும், பொறியாளர் ஐயா அந்த மூலையை அளந்து தரட்டும். நடைபாதை வேண்டுமென்றால் கரைமேல் மண் பாதை போதும். ஐப்பசி வெள்ளத்தில் இந்த ஏற்பாடு பெரிதாகப் பிடிக்காது, தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும், அது கலங்கல் (உபரி நீர் வழிகிற இடம்) வழியாக வெளியேறவும் செய்யும். இதன் உண்மையான வேலை மற்ற பத்து மாதமும் சின்னதாக, விடாமல் ஓடிவருகிற தண்ணீரில்.

கோரை வளர்த்தால் கொசு வராதா என்று கேட்பவர்களுக்கு: பயம் நியாயம்தான். மீன் நுழைய முடியாத அளவுக்குச் செடி அடைத்துக்கொண்டால் கொசு வரும், ஆகாயத்தாமரை வேரில் ஒட்டி வளர்கிற கொசு இனமே ஒன்று இருக்கிறது. அதனால் கோரைக்கு நடுவில் ஆள் நடக்கிற அகலத்தில் திறந்த நீர்ச் சந்துகள் விட வேண்டும், மீன் போய்வரும். பாம்பு இருக்கும், இப்போதும் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு இரண்டாவது கால்வாய் ஏரியில் சேருகிற இடத்துக்கு வாருங்கள். முளைக்குச்சியும் நூலும் நான் கொண்டுவருகிறேன், எதுவரை தண்ணீர் நிற்கும் என்று அங்கே மாடு மேய்க்கிற பெரியவருக்குத்தான் தெரியும், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சேற்றில் இறங்க வேண்டியிருக்கும், நல்ல செருப்பு போட்டு வராதீர்கள்.